முன்னிருக்கை

கண்டி
1934 பெப்ரவரி 4

அன்புத் தம்பி பாலேந்திரன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் கடிதத்தைக் குசினித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். தட்டு அசையவே இல்லை. அந்தத் துளிக் கனத்தை நீ பம்பாயில் எழுதி, தபால் மூட்டையில் போட்டு, மூட்டையை உன் விமானத்தின் முன்னிருக்கையில் கட்டி, நீயே மதராஸ்வரை பறந்து வந்து இறக்கியிருக்கிறாய். அதற்குப் பிறகுதான் ரயிலும் கப்பலும். எழுதியவனே சுமந்தும் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

நீ எழுதியிருந்த அந்தக் காட்சியை மூன்று முறை வாசித்தேன். கீழே வெண்மேகம், அதன்மேல் உன் விமானத்தின் சின்ன நிழல், நிழலைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில். வானவில்லை அரை வட்டமாகவே மாணவிகளுக்கு வரைந்து காட்டி வந்திருக்கிறேன், இருபது வருடமாக. மீதி அரை வட்டம் மேலே போகிறவர்களுக்கு மட்டும் காட்டப்படுகிறது போலும். மேல் வகுப்புப் பிள்ளைகளோடு ஹந்தானை மலை ஏறிய ஒரு காலையில் கண்டி முழுவதும் மூடுபனிக்குள் மூழ்கிக் கிடந்தது. வாவியும் இல்லை, மாளிகாவைக் கோவிலும் இல்லை, வெள்ளை மட்டும். அன்று எங்களில் ஒருவரும் பேசவில்லை. நீ கிழமைக்கு இரண்டு தரம் அப்படியொரு மௌனத்துக்கு மேலால் போய்வருகிறாய். என் தம்பிதான் அது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வடிவம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மஹய்யாவவிலிருந்து எனக்கு உதவிக்கு வருகிறவள், எழுதியிருந்தேனே. அவள் கேட்ட ஒரே கேள்வி: "டீச்சரம்மா, தம்பி ஐயா மேல போறப்ப எச்சி துப்புனா யாரு தலையில விழும்?"

பழைய இரட்டை இறக்கை விமானங்கள் ஆறையும் கம்பெனி ஒதுக்கப்போகிறது, புதிதாக வரும் இரண்டுக்கு மூன்று விமானிகள் போதும், மற்ற மூவருக்கும் வேலை இல்லை என்று நீ எழுதியதை மட்டும் அவளுக்கு வாசிக்கவில்லை. எங்கும் ஆள் குறைப்புத்தான். அவள் புருஷன் கறுப்பையாவையும் முனிசிபல் வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள். நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். நோய், பிள்ளைகள், பட்ட கஷ்டம் ஒன்றையும் விடாமல் எழுதினேன். அவனை வைத்துக்கொண்டார்கள்.

உனக்காகவும் என்னால் முடிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். என்னவென்று கேட்காதே. பலித்த பிறகு சொல்கிறேன்.

உன் அக்கா
இராசமணி


மதராஸ்
1934 பெப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

வடிவம்மாவிடம் சொல்லுங்கள், துப்பினால் துப்பியவன் முகத்திலேயே விழும். ஒருமுறை செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் செய்த காரியம் என்னவென்று எனக்குத் தெரியும். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்திருப்பீர்கள். மலை ஏறி நடக்கிற நேர்த்தி என்றால் நானும் வருகிறேன். காவடி என்றால் நீங்களே எடுக்கவேண்டும்.

இங்கே ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுகிறோம். வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் என்னிடம், உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வேலை எடுத்துத் தா என்றான். தெல்தோட்டையில் தேயிலை கிள்ளுகிறவர்களையே இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள், உன்னை யார் எடுப்பார்கள் என்றேன். சிரித்தோம். பிறகு இருவருமே சோற்றைத் தள்ளி வைத்துவிட்டோம். சேவைக் காலத்தின்படி நான் மூன்றாவது. கடைசி நாற்காலி என்றாலும் நாற்காலிதான்.

என்னைவிட நஸீம்தான் உடைந்து போயிருக்கிறான். அக்குறணையில் லொறி திருத்திக்கொண்டிருந்தவனை நான்தானே இங்கே கூட்டி வந்தேன். ஐந்து வருடமாக என் விமானத்து இஞ்சினை வேறொருவனும் தொட அவன் விட்டதில்லை. நேற்று அதன் மூக்கைத் தடவிக்கொண்டு, "பாலா, இவளுக்கு என்ன குறை? என்னயும் சேத்து ஒடச்சி விக்கச் சொல்லு" என்றான். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவன் மேலே பறந்ததில்லை. முன்னிருக்கை தபாலுக்குரியது. கடைசி நாள் எப்படியும் அவனை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியல் மார்ச் முதல் கிழமையில் வரும்.

தங்கள் தம்பி
பாலேந்திரன்


மதராஸ்
1934 மார்ச் 9

அக்கா,

பட்டியலில் என் பெயர் இல்லை.

மனேஜர் கூப்பிட்டு, எனக்கு ஒரு காது கேளாது என்று தமக்குக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். கடிதத்தைக் காட்டவில்லை. உன் நன்மையை நாடும் ஒருவர் எழுதியது, பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார் என்றார். நன்மையாம்! அன்று பின்னேரமே டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் இடப்பக்கம் பின்னால் நின்று இரண்டு இலக்கங்களை மெல்லச் சொன்னார். நான் ஊகித்துச் சொன்னேன். இரண்டும் பிழை.

முன்பெல்லாம் டாக்டர்மாரின் வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறேன். எட்டு வயதில் கூகைக்கட்டு வந்து, கன்னம் வீங்கி, இடக்காது போனது உங்களுக்குத் தெரியும். இங்கே தெரிந்தவன் ஒருவன்தான். ஐந்து வருடமாக எப்போதும் என் வலப்பக்கம் நின்றே பேசுகிற நஸீம். திருத்துநர்களிலும் பாதிப் பேரை நிறுத்துகிறார்கள். அவனை நிறுத்தவில்லை. யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் பெட்டிசம் எழுதுவித்திருக்கிறான், வேறென்ன?

அவனோடு இனிப் பேச்சில்லை. காரணத்தைக்கூட அவனுக்குச் சொல்லப் போவதில்லை. வேலை போனதைத் தாங்குவேன் அக்கா. கூட நின்றவனே இதைச் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் முடியும்வரை விமானங்களைப் பம்பாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மட்டும் தந்திருக்கிறார்கள். அங்கே அவற்றைக் கழற்றி விற்றுவிடுவார்கள்.

பாலேந்திரன்


கண்டி
1934 மார்ச் 18

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஐந்து நாள் போய்விட்டது.

நேற்று அக்குறணையிலிருந்து நஸீமின் மனைவி ருக்கியா பஸ்ஸில் வந்தாள். உள்ளே வந்து இருக்கவும் மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். "டீச்சர், எங்கட மனிசன் காயிதம் போட்டீக்கிறார். தம்பி அவரோட கதைக்கிறல்லயாம். என்ன குத்தம் செஞ்சன் எண்டு கேட்டா மொகத்தத் திருப்புறாராம். ராவு சோறும் தின்றல்லயாம் இவர். நீங்க பெரியவங்க, ஒரு வார்த்த எழுதுங்களே" என்றாள். வீட்டில் காய்த்த கொரக்காய்ப்புளி ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டேன். எழுதுகிறேன் என்றேன்.

எழுதுகிறேன்: நஸீமை விசாரிக்காமல் தண்டிக்காதே. அவன் செய்திருக்கமாட்டான் என்றுதான் என் மனம் சொல்கிறது.

கதிர்காமத்து நேர்த்தியைப் பற்றி நீ எழுதியிருந்ததற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். தலையிடியாக இருக்கிறது.

அக்கா


மதராஸ்
1934 ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்லவர்கள் என்று நினைப்பது உங்கள் பழக்கம். நஸீமின் பேச்சை விடுவோம். இது வேறு விஷயம், சந்தோஷமான விஷயம்.

ஏப்ரல் 28ஆம் திகதி காலை ஆறு மணிக்கு என் விமானத்தைக் கடைசியாகப் பம்பாய்க்குக் கொண்டு போகிறேன். தபால் இல்லை. முன்னிருக்கை காலி. மனேஜரிடம் கேட்டேன், யாரையும் ஏற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த இருக்கைக்கு நீங்கள் வரவேண்டும்.

பயப்படாதீர்கள். நீங்கள் முன்னால், நான் உங்களுக்குப் பின்னால். தோல் தொப்பியும் கண்ணாடியும் தருவேன். ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறது, அதற்குள் பேசினால் என் வலக்காதில் கேட்கும். நிலம் நம்மை விட்டுப் போகும்போது சத்தமெல்லாம் இருந்தும் ஒரு அமைதி வரும். வயல்கள் கைக்குட்டைகளாகிவிடும். ஆறுகள் எங்கே போகின்றன என்று முதல்முறையாகப் புரியும். மறுநாள் மலைத்தொடரைத் தாண்டும்போது முன்னால் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அதுதான் கடல். இத்தனை வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா இதைப் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்திருக்கிறேன். அப்பா இறந்தபிறகு என்னைப் படிப்பிக்க நீங்கள் எதையெல்லாம் பார்க்காமல் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு முறை எனக்கு விமானம் கிடைக்காது. வாருங்கள்.

தங்கள்
பாலேந்திரன்


கண்டி
1934 ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள். இந்த மூன்று நாளும் நான் பறந்துகொண்டுதான் இருந்தேன். வகுப்பில் தேசப்படத்தை விரித்தபோது அதை மேலே இருந்து பார்த்தேன். வாவியைச் சுற்றி நடக்கும்போது, இது எவ்வளவு சின்னதாகத் தெரியும், ஒரு கைக்கண்ணாடி அளவா, ஒரு மூக்குத்தி அளவா என்று கணக்குப் போட்டேன். நாற்பத்துநாலு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு பெரிய ஆசை வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். எழுதினால் முடிந்துவிடும்.

மனேஜருக்குக் கடிதம் எழுதியவள் நான்.

நேர்த்தி அல்ல, மனு. கறுப்பையாவுக்கு எழுதியதுபோலவே உனக்கும் எழுதினேன். தகப்பனை இழந்தவன், எட்டு வயதில் கூகைக்கட்டால் ஒரு காதை இழந்தும் தளராமல் இந்த உயரத்துக்கு வந்தவன், இவனைக் கைவிடவேண்டாம் என்று. கஷ்டத்தை எழுதினால் மேலே இருக்கிறவர்கள் இரங்குவார்கள் என்றுதான் நம் ஆட்கள் எல்லோரும் மனு எழுதுகிறோம். அதைத் தவிர வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. முனிசிபல் துரைக்குக் காது தேவையில்லை, விமானக் கம்பெனிக்குத் தேவை என்பது ஒரு கணம்கூட என் புத்தியில் படவில்லை. அந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது. அக்கா போய்க் கெஞ்சினாள் என்று உனக்கு வெட்கமாக இருக்குமே என்றுதான் என் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருந்தேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை வாசித்த அன்றே இதைச் சொல்லியிருக்கவேண்டும். நீ நஸீம் என்று எழுதியிருந்தாய். என்னைச் சந்தேகிக்க உனக்குத் தோன்றவே இல்லை. அந்த நம்பிக்கையை இழக்க மனமில்லாமல் நஸீமின் பெயரை அப்படியே விட்டுவைத்தேன். ருக்கியா என் வாசலில் நின்றபோதும் விட்டுவைத்தேன். வேலையை நான் அறியாமல் பறித்தேன். இதை அறிந்தே செய்தேன். இரண்டில் எது பெரியது என்று எனக்குத் தெரியும்.

முன்னிருக்கை நஸீமுடையது. நீ வாக்குக் கொடுத்தது அவனுக்கு. அந்த இஞ்சினின் ஒவ்வொரு ஆணியையும் கையால் அறிந்தவன், அது ஏன் அப்படி உழைத்தது என்பதை ஒருமுறையாவது மேலே இருந்து பார்க்கட்டும். அந்தக் குழாய்க்குள் முதலில் அவன் குரல் உன் வலக்காதில் விழட்டும்.

நீ எனக்கு இனி எழுதுவாயோ தெரியாது. எழுதாவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உன் பதிலுக்காகவும் நான் காத்திருக்கப் போவதில்லை. தலைமன்னார் வழியாகப் புறப்பட்டு 27ஆம் திகதி மதராஸ் வந்துவிடுவேன். முதலில் நஸீமைத் தேடிப்போய் என் வாயாலேயே சொல்வேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு விமானத் திடலின் வேலிக்கு வெளியே நிற்பேன். நீ திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. நிலம் உங்கள் இருவரையும் விட்டுப் போவதை நான் நிலத்தில் நின்று பார்க்கவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் லீவு கேட்கவில்லை. வடிவம்மாவுக்கும் தெரியாது. இந்த உறையை ஒட்டித் தபாலில் போடும்வரை இது எனக்கு மட்டுமே தெரிந்த முடிவு.

இராசமணி