புல்தோட்டத்தில் நான் எடுத்த களை

பெரிய காஞ்சிபுரம்
29-1-74

என் அருமை மகள் லில்லிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அண்ணனும் அண்ணியும் இங்கே சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அதுபோலச் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு நீ அனுப்பிய சால்வை வந்து சேர்ந்தது, நல்ல கனம், நம் ஊர்க் குளிருக்கு அது அதிகம்தான், ஆனாலும் உன் அண்ணி பார்க்கட்டும் என்று இரண்டு நாள் வேர்க்க வேர்க்கப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடிந்து பனியில் நடந்தே வருகிறாய் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள்ளாமல் வராதே. மாப்பிள்ளைக்கு அங்கே கோதுமைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாளாவது ரசம் வைத்துக் கொடு, எஃகு உருக்குகிற இடத்தில் வேலை செய்கிற உடம்பு சூடு கண்டிருக்கும்.

அண்ணன் உனக்கு எழுதியிருப்பான், அம்மா நன்றாக இருக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள் என்று. அது பொய்யில்லை. ஆனால் பூட்டைப் பற்றி எழுதியிருக்கமாட்டான். அப்பா போனபிறகு என்னைத் தாமலிலிருந்து இங்கே அழைத்து வந்தது உனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள் நம் வீடு எப்படிக் கிடக்கிறதோ என்று மனசு அடித்துக்கொண்டது, ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வீராசாமி சித்தப்பா வீட்டில் ஒரு வாய் கூழ் குடித்துவிட்டு ஏரிக்கரை வழியாக வரும்போது தலை சுற்றி விழுந்துவிட்டேன், மாடு ஓட்டி வந்தவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் வந்து என்னைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். மறுநாள் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தான். அது முதல் அவன் ஆபீசுக்கும் அண்ணி பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பினால் கதவு வெளியில் பூட்டு, நான் உள்ளே. பூட்டிக்கினு போனாத்தாம்மா எனக்கு ஆபீசுல கை ஓடுது என்கிறான். அவன் பயத்தை நான் குறை சொல்லவில்லை, பெற்றவளுக்காகப் பயப்படுகிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும். ஆனால் பயம் அவனுக்கு, உள்ளே இருப்பவள் நான். பின்பக்கம் குழாயடி உண்டு, அதைச் சுற்றிச் சுவர் என்னைவிட உயரம், தரை முழுக்க சிமெண்டு, ஒரு பிடி மண் கிடையாது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் எனக்கு மணிக்கூண்டு, தறி நின்றால் சாப்பாட்டு வேளை, மறுபடி ஓடினால் படுக்கிற வேளை. அந்த வீட்டுச் செல்லியம்மாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே ஜன்னல் வழியாக நாலு வார்த்தை பேசுவாள், அவளும் இல்லையென்றால் எனக்குப் பேச்சே மறந்துபோயிருக்கும்.

இந்த நிலைமையில்தான் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வந்ததும் அண்ணன், கிளம்பும்மா, ஐயா வீட்டுத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்றான். ஐயா என்றால் தரணேந்திர நயினார், உன் அண்ணனுடைய விவசாய ஆபீசில் பெரிய அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர், திருப்பருத்திக்குன்றத்து ஜைனர். ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். ரிக்‌ஷாவில் வேகவதி ஆற்றைத் தாண்டும்போது முகத்தில் காற்றடித்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசு என்று சொல்லிச் சமாளித்தேன். தோட்டம் என்றால் நான் ரோஜாவும் குரோட்டன்சும் வெட்டிவிட்ட வேலியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் எல்லாம் புல்லு. உனக்கு நான் பொய் சொல்வேனா, நாணல், விழல், வெட்டிவேர், கொழுக்கட்டைப்புல், சேலையில் குத்திக்கொண்டு வருமே அந்த ஊசிப்புல், எல்லாவற்றையும் கூட்டம் கூட்டமாக நட்டு, நடுநடுவே நித்தியகல்யாணியும் ஆவாரையும் டிசம்பர் பூவும் தானாக முளைத்த மாதிரி விட்டிருக்கிறார். ஒரு பாத்தி நேராக இல்லை. நானும் உன் அப்பாவும் காலமெல்லாம் எதை ஒழித்துக் கூலி வாங்கினோமோ அதை இந்த மனுஷர் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார் என்று எனக்குள் சிரிப்பு. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், தை மாதத்து வெயிலில் அந்தக் கதிரெல்லாம் வெளுத்து நின்று காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தபோது தாமல் ஏரி நிரம்பி அலை மடிவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் நான் எல்லாவற்றையும் மறந்து நின்றேன். இதெல்லாம் ஒரு தடவ நட்டா போதும், காஞ்சாலும் அறுத்தாலும் வேர்ல உயிர் இருக்கும், மழை பெஞ்சா அதே இடத்துல திரும்ப வரும் என்று ஐயா சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வீட்டு அம்மாவும் நல்ல மாதிரி. எங்க வீட்ல பறிப்போம், அறுப்போம், எதையும் வேரோட பிடுங்கறதில்லம்மா என்று வாசலிலேயே சொன்னார்கள். அவர்கள் கிழங்கு, வெங்காயம் சாப்பிடாதவர்களாச்சே, இது சமையல் விஷயம் போலிருக்கிறது என்று நான் தலையாட்டினேன்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்கள், அண்ணன் அந்த டம்ளரைப் பார்த்து எப்படிப் பூரித்தான் தெரியுமா. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் எந்த வாசலில் எப்படி நின்று வாங்கிக் குடித்தவர்கள் என்று அவனுக்கும் நினைவிருக்கும் அல்லவா. அவனும் மற்றவர்களும் ஐயாவோடு பின்பக்கம் போனார்கள், எனக்குக் கால் வலித்ததால் ஒரு கல்லைக் காட்டி, இங்கியே உட்காந்துக்கினு இரும்மா, எங்கியும் நகராதே என்று சொல்லிவிட்டுப் போனான். என் காலடியிலேயே ஒரு துண்டு நிலத்தில் டிசம்பர் பூச்செடிகள், அவற்றைச் சுற்றிச் சாண் உயரத்துக்குப் பச்சைப் புல் மண்டிக் கிடந்தது. ஐயோ, பெரிய மனுஷர், வயசான காலம், களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான் லில்லி, நினைத்தேனோ இல்லையோ கை போய்விட்டது. முந்தின நாள் தண்ணீர் விட்டிருப்பார்கள், மண் பதமாக இருந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு மண்ணைத் தொடுகிறேன். பிடித்து, ஒரு திருகு திருகி, வேர் அறாமல் இழுத்து, கால் கட்டைவிரலில் தட்டி மண்ணை உதறி, தலைகீழாக வைத்துக்கொண்டே போனேன். தலையும் சுற்றவில்லை, இடுப்பும் வலிக்கவில்லை. முழுத் துண்டையும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம் செய்து, பூச்செடி மட்டும் பளிச்சென்று நிற்க, காப்பிக்குப் பதில் செய்துவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். ஐயா கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மெதுவாகக் குந்தி உட்கார்ந்து ஒரு புல்லைக் கையில் எடுத்து, இது களை இல்லம்மா, நான் வெத போட்டு முளைக்க வெச்சது, தாமல் ஏரிக்கரையிலேர்ந்து எடுத்தாந்த வெத என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது லில்லி. எந்தக் கரையில் விழுந்து இங்கே பூட்டப்பட்டேனோ அந்தக் கரைப் புல்லு எனக்கு முன்னால் வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறது, அதையும் நானே பிடுங்கியிருக்கிறேன், சிரிக்காமல் என்ன செய்வது. வாய்விட்டுச் சிரித்தேன். அழுதிருந்தால் தப்பித்திருப்பேன். ஆபீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டு அம்மா, வயல்ல வேலை செஞ்ச கையாம்மா என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் குறுக்கே வந்தான். அதெல்லாம் இல்லீங்கம்மா, எங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லீங்க என்றான்.

அந்த ஆபீசில் தன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று அவன் சொல்லி வைத்திருப்பது எனக்கு அப்போது தெரியாது, பிறகு அண்ணி சொன்னாள். அம்மா களை எடுத்துப் படிக்க வைத்தாள் என்று சொல்வதைவிட அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்வது என் பிள்ளைக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. திரும்ப நட்டுவிடுகிறேன் ஐயா, வேர் எதுவும் அறவில்லை என்று நான் உட்காரப் போனேன், வாம்மா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மண்ணை வேறு உதறிப் போட்டுவிட்டேனே, பிழைக்கக்கூடாது என்றுதானே உதறுவோம். வெயிலில் வேர் மேலாகக் கிடந்தது.

ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுகிற வரைக்கும்தான் நம்முடையது. ஆபீஸ்காரர்கள் மறுநாளே அவனிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள், ஆளுக்கொரு டாக்டர் பெயர் சொல்லியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லிச் சொல்லி இப்போது அவனே நம்புகிறானோ என்று பயமாக இருக்கிறது. நான் உப்பு எங்கே என்று தேடினால் அண்ணியைப் பார்க்கிறான், அண்ணி அவனைப் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக்கூட என்னைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள், மணி அடித்தபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் லீவு போட்டு என்னை மெட்ராசுக்கு அழைத்துப் போகிறானாம். எந்த டாக்டர் என்று அவன் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தறி நின்ற வேளையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், ஜன்னலைத் திறந்தால் நயினார் வீட்டு அம்மா, மண் ஒட்டிய ஒரு புல் பதியனை வாழை மட்டையில் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அன்று நாங்கள் போனதும் அவர்களும் ஐயாவுமாக எல்லாவற்றையும் திரும்ப நட்டார்களாம், பாதிக்கு மேல பிடிச்சிக்கிச்சும்மா, வேர் ஒண்ணுகூட அறுபடாம எடுத்திருக்கீங்க, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன் என்றார்கள். வீடு தேடி வந்தவர்களுக்குக் கதவைத் திறக்க முடியவில்லை. தண்ணீராவது கொடுக்கலாம் என்று சொம்பில் மொண்டு வந்தால் சொம்பு கம்பியில் நுழையவில்லை, டம்ளரும் நுழையவில்லை. கடைசியில் அவர்கள் பதியனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையை ஏந்தினார்கள், நான் உள்ளிருந்து ஊற்றினேன். வெள்ளி டம்ளரில் எனக்குக் காப்பி கொடுத்தவர்களுக்கு நான் அப்படித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டே கதவைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள். ஏம்மா உள்ள வெச்சிப் பூட்டியிருக்குது என்று கேட்டார்கள்.

என்ன சொல்வேன் லில்லி. உண்மையைச் சொன்னால் என் பிள்ளையைப் பொய்யன் ஆக்க வேண்டும், பெற்றவளைப் பூட்டி வைத்தவன் என்று ஐயா காதுக்குப் போகும், அவனுக்கு அந்த ஆபீசில் தலை நிமிர முடியாது. எனக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லீங்கம்மா, அதான் என்று நானே என் வாயால் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பதியனைச் செல்லியம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே அதை வைக்க மண் ஏது.

நீ அண்ணனுக்கு ஒரு கடிதம் போடு. கோபித்துக்கொள்ளாதே, நான் குறை சொல்லி எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, அவன் கெட்டவன் இல்லை, மானத்துக்குப் பயந்தவன். நீ நர்சு, உன் வார்த்தைக்கு அவன் கட்டுப்படுவான். தலைசுற்றலுக்கு என்ன மருந்தோ அதை எழுது, மெட்ராஸ் டாக்டர் வேண்டாம் என்று எழுது, அந்தப் பூட்டோடு வந்தது இரண்டு சாவிதான், ஒன்று அவனிடம் ஒன்று அண்ணியிடம், மூன்றாவது ஒன்று செய்து அம்மா கையில் கொடு என்று எழுது, சாவி கம்பியில் நுழையும், செல்லியம்மாள் வாங்கி வெளியிலிருந்து திறந்துவிடுவாள். நான் எங்கும் போய்விடமாட்டேன். போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன். மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் சொல், கர்த்தர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோலக் காத்து, சீக்கிரம் ஒரு பிள்ளையைத் தந்து ஆசீர்வதிக்கட்டும், காதை மூடிக்கொள்ள மறக்காதே. இந்தத் தாளைச் செல்லியம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போய்த் தபாலில் போடுவாள், மடித்தால் இது கம்பியில் நுழைகிறது. இதைப் படித்துப் பார்த்து நீயே சொல், ஒரு இடத்திலாவது பேச்சு தடுமாறியிருக்கிறதா. எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதி ஒரே ஒரு வரி எனக்கும் போடு. யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு
தாமல் ஏரிக்கரையில் களை எடுத்து உங்களை வளர்த்த
உன் அம்மா
மேரி