விலை ஏறிய பிறகு

பிட்டலீட்டோ, கொலம்பியா

அன்புள்ள அண்ணா,

போன வருடம் காப்பி விலை சரிந்தபோதும் நம் கூட்டுறவுச் சங்கம் நட்டப்பட்டு அறுவடைக்கு முன்பே பேசிய ஒப்பந்த விலையையே உனக்குக் கொடுத்தது. “பேச்சுன்னா பேச்சுதான்!” என்று மார்தட்டினாய்.

இந்த வருடம் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை ஏறியதும், ஒப்பந்தப்படி சங்கத்துக்குத் தரவேண்டிய காப்பியைக் கூடுதல் விலை தந்த லாரி வியாபாரிக்கு விற்றுவிட்டாய். “பழைய விலைக்குக் கேக்கிறது அநியாயம்” என்கிறாயாம். அப்படியானால் போன வருடம் நீ வாங்கியது?

நேற்றுக் கூட்டத்தில் தலைவர் டோன் எவெலியோ, “உன் அண்ணனாச்சேம்மா, வழக்குப் போடலாமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முதலில் உயர்ந்தது என் கைதான்.

சான் பெத்ரோ திருநாளுக்கு வழக்கம்போலப் பன்றிக்கறி சுடுகிறோம். கோபித்துக்கொண்டாவது வந்துவிடு. அதில் உன் பங்குக்கு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை.

உன் தங்கை