இளவரசனின் வலது பக்கம்

மார்ச் 4
அம்மாவிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன்: சீரியலில் நான்தான் துரோகி. ஏரிக்குள்ளிருந்து மாய வாளை எடுத்து அரசனாகும் இளவரசனை, கூடவே வளர்ந்த நண்பன் கடைசியில் வெட்டுகிறான். பல நூற்றாண்டுப் பழைய கதை; எங்களைப் போன்ற இளசுகளை வைத்து மறுபடி எடுக்கிறார்கள்.

"ஊரே உன்னைத் திட்டுமேடா" என்றாள். திட்டட்டும். என் பயம் வேறு. தூரக் காட்சிக்கு ரப்பர் வாள், கிட்டக் காட்சிக்கு இரும்பு. மழுங்கல்தான், ஆனால் என்ன கனம்! தூக்கிப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன்.

இளவரசனாக நடிப்பவன் சிரிக்கிறான். "வெட்டுப்படப் போறவன் நான். நீ ஏன்டா நடுங்குறே?"

மார்ச் 9
ரிகர்சல். வாள் அவனுடைய இடது பக்கம் இறங்கும். அவன் வலது பக்கம் சாய்வான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வோம். ஆனாலும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 11
எழுத முடியவில்லை.

மார்ச் 12
வெளிச்சம் சரியில்லை என்று டைரக்டர் கடைசி நிமிடத்தில் வெட்டை அவனுடைய வலது பக்கத்துக்கு மாற்றினார். ஸ்டண்ட் மாஸ்டர் என்னிடம் சொன்னார். அவன் அப்போது மேக்கப் அறையில் பொய் ரத்தம் பூசிக்கொண்டிருந்தான். மாஸ்டர் அவனிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று மாஸ்டர் நினைத்தார்.

பழகியபடியே சாய்ந்தான். நேராக வாளுக்கே.

விழுந்து துடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள் — அப்படி நடிக்கிறானாம்! எது பூசிய ரத்தம், எது அவன் ரத்தம்? எனக்குத் தெரிந்தது. வாளைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டேன்.

வலது கண். ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அக்கா, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டாள்.

கடவுளே, கண்ணு போயிடக் கூடாது. போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 15
கட்டுப் பிரிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் அம்மாவையே எடுக்கச் சொல்கிறேன்.

ஏப்ரல் 27
வந்துவிட்டான்!

"பார்வை எப்படிடா?"

"உன் மூஞ்சி தெரியுதே, அந்தத் தண்டனை போதாதா?"

மறுபடி அதே காட்சி, வெட்டும் அதே வலது பக்கம்; இந்த முறை ரப்பர் வாள். மாட்டேன் என்று அழுதேன். வேறு ஆளைப் போடலாம் என்றார் டைரக்டர். அவன் விடவில்லை. "அவனே வெட்டட்டும் சார்."

வாளை ஓங்கும்போதே "வலது" என்று வாய்விட்டுச் சொன்னேன். சரியாக இடது பக்கம் சாய்ந்தான். மாஸ்டர் திட்டினார். அடுத்த டேக்கிலும் சொன்னேன். குரலை டப்பிங்கில் நீக்கிக்கொள்ளலாம், தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜூன் 2
இன்று அந்தக் காட்சி டிவியில். எங்கள் வீட்டில்தான் அவனும் பார்த்தான்.

"வெட்டும்போது என்னடா முணுமுணுக்கிறே?" என்றாள் அம்மா.

"மந்திரம் சொல்றான்மா, துரோகி" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே போய் அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் சட்டையைத் துழாவிப் பிடித்தான். மெதுவாகச் சொன்னான்: "இந்தப் பக்கம் வேண்டாம்டா. அந்தப் பக்கம் வா. இங்கே உட்கார்ந்தா நீ தெரிய மாட்டே."

அப்படியென்றால் மறுபடி எடுத்த அன்று வலது பக்கம் இறங்கிய வாள்? அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் குரலை நம்பித்தான் சாய்ந்திருக்கிறான்.

எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.