முன்னால் போன பை

சனி

மழை. துணி காயவில்லை. மதுரையிலிருந்து தங்கை செல்வி போன். திங்கள் மத்தியானம் இதய வால்வு ஆபரேஷன், உறுதியாகிவிட்டது. "உன் முகத்தப் பாத்துட்டுத்தான்க்கா உள்ள போவேன்." அழவில்லை. அவள் அழாதபோதுதான் எனக்குப் பயம்.

நாளை கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு. லீவு கேட்டேன், கிடையாது. இவர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். வானத்துல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. திங்கக்கிழமை காலைல போனாப் போதும்" என்றார். டிக்கெட் போட்டாயிற்று. நாங்கள் இருக்கும் பொம்மசந்திரா நகரத்துக்கு ஒரு கோடி, ஏர்போர்ட் மறுகோடி. அதை அந்த போன் கணக்கில் சேர்க்கவில்லை. மதுரை பஸ்களோ எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன.

ஞாயிறு

கால் வலி. ஸ்டாக் முடிய இருட்டிவிட்டது. பையில்: ஆதார், சார்ஜர், செல்விக்கு நைட்டி இரண்டு, எலுமிச்சை ஊறுகாய் (சாப்பிட விடமாட்டார்கள், இருக்கட்டும்).

இவர் காலண்டரோடு வந்தார். நாளை கிளம்பும் நேரம் ராகு காலம். அதற்கு முன்பே பையை எதிர்வீட்டு மஞ்சுளாவிடம் பரஸ்தானம் வைக்கலாமாம். நல்ல நேரத்தில் பை வாசல் தாண்டினால் ஆளே புறப்பட்ட மாதிரி. பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். சிரித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்வி விஷயத்தில் எதையும் தட்டிக்கழிக்கத் தைரியம் இல்லை.

திங்கள், காரில்

விடிந்ததும் பையை மஞ்சுளாவிடம் கொடுத்தோம். எட்டு மணிக்கு எடுக்கப் போனால் வீட்டில் பூட்டு. ஷிப்டுக்கு ஆள் குறைகிறதென்று ஃபேக்டரியில் அவசரமாகக் கூப்பிட்டார்களாம். ஆதார் பைக்குள். போனில் எடுக்கப் பார்த்தால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது.

இவர் ஸ்கூட்டரில் ஃபேக்டரிக்குப் பறந்தார். கேட்டில் வாட்ச்மேன், "ஒளகடெ ஃபோன் பிடல்ல சார்" என்றானாம்; உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்களாம். கெஞ்சி, உள்ளே ஆள் அனுப்பி, சாவி வாங்கி வந்தார்.

"நேரம் பாத்துப் பாத்தே நேரத்தக் கொன்னுட்டீங்க!" கத்திவிட்டேன். அவர் பாட்டுக்குப் பையைத் தூக்கிக் காரில் வைத்தார். அது இன்னும் எரிச்சல்.

சில்க் போர்டு சிக்னல். நகரவில்லை. டிரைவர்: "ஹெப்பாள் தாண்டிட்டா ஸ்பீடா போயிடலாம்க்கா." ஹெப்பாள் எங்கே, நாங்கள் எங்கே.

ஏர்போர்ட்

கவுண்டர் மூடிவிட்டார்கள். அடுத்த விமானம் சாயங்காலம்தான். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

செல்வி போன். பச்சை உடுப்பு மாட்டிவிட்டார்களாம். "ஒரு மணி நேரம்னியேக்கா." பரஸ்தானக் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "இது நல்லாயிருக்கே," என்றாள். லைன் கட்.

திங்கள், விளக்கு வைக்கும் நேரம்

மதுரை. வானத்தில் நிஜமாகவே ஒரு மணி நேரம்தான். ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் செல்வியின் கட்டில் காலி. பை, செருப்பு, சீப்பு, ஒன்றும் இல்லை. ஆளை அனுப்பிவிட்டு இடத்தைத் துடைத்துவைத்த மாதிரி. எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் வீட்டுக்காரர் முருகேசன் ஓடி வந்தார். "இன்னும் உள்ளதான் இருக்கா மதினி."

"அப்ப அவ பை?"

"வீட்டுக்குப் போயிருச்சு. ஒங்ககூடப் பேசிட்டு, நல்ல நேரம் எப்பன்னு பாக்கச் சொன்னா. 'இதக் கொண்டுபோயி வீட்ல வைங்க, நான் கெளம்பிட்டேன்னு அர்த்தம்'னா."

ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேல் இன்னும் சிவப்பு விளக்கு.

பை வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாம். வந்து எடுத்துக்கொள்ளடி.