உன் பெட்டியை ரெண்டு பிரதி எடுத்துவிட்டேன், மாப்ள

என் உயிருக்கு உயிரான முத்துக்குமார் மாப்ளைக்கு,

உன் மாமன் எழுதுகிறேன். நீ போய் ஏழு மாசம் ஆகிறது. அங்கே சிக்னல் கிடைக்குமோ கிடைக்காதோ என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து, "கலெக்டர் எழுதினதா?" என்று சோழவந்தானில் கேட்டவர்கள் உண்டு.

சேதிக்கு வாரேன். பாப்பா பிறந்ததிலிருந்து நீ எடுத்த வீடியோவெல்லாம் போட்டு வைத்த சர்வர் பெட்டி, திருநகர் வீட்டில் இருக்கிறதல்லவா? அதன் மேல்தான் செல்வி உன் படத்தை வைத்திருந்தது. "அவருக்கு உசுரே இந்தப் பெட்டிதான சித்தப்பா" என்றது. உன் பெண்டாட்டி சொன்னால் நான் மறுப்பேனா? வெள்ளிக்கு வெள்ளி செவ்வந்தி மாலை. அந்த மாலை பின்பக்கம் தொங்கி ஃபேன் ஓட்டையை அடைத்துவிட்டது. இதழெல்லாம் உள்ளே போய்விட்டது. கும்பிட்டுக் கும்பிட்டே உன் பெட்டியை மூச்சு முட்ட வைத்திருக்கிறோம், மாப்ள.

போன வாரம் சிவப்பு லைட் எரிந்து பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. செல்வி போனில் அழுதது. "அவரு போனும் அந்த விபத்துல நொறுங்கிப்போச்சு. பாப்பாவுக்கு அவ அப்பா கொரலு இதுல மட்டுந்தான் இருக்கு சித்தப்பா."

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். யானை சைஸ் மோட்டாருக்கே காயில் கட்டியவன் நான், இந்த டிபன் பாக்ஸ் எம்மாத்திரம்? திருகாணியைக் கழற்றி, பிரஷ்ஷால் இதழ்களை எடுத்தேன். ஆனால் உள்ளே இருந்த ரெண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் உன் சிநேகிதன் அந்தோணிக்குப் போன் போட்டோம். "ரெண்டுலயும் ஒரே சரக்குதாண்ணே இருக்கும். மிச்சம் இருக்குறதும் போறதுக்குள்ள ரெண்டு எக்ஸ்டர்னல் டிரைவ்ல காப்பி எடுத்துருங்க" என்றான்.

எடுத்தேன். லேப்டாப்பில் உன் பெட்டியின் பெயர் போட்டிருந்த படத்தை இழுத்து டிரைவில் விட்டேன். மூன்றே செகண்டு! எதிர்வீட்டிலிருந்து டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டேன். அந்தோணிதான் சிரித்தான். "அண்ணே, வீட்டக் காப்பி எடுக்கச் சொன்னா கதவு நம்பரக் காப்பி எடுத்திருக்கீங்க."

அவன் சொல்லச் சொல்ல ரெண்டு டிரைவிலும் மறுபடி போட்டேன். ரெண்டு பகல் ஓடியது. இருந்த ஒரே டேபிள் ஃபேனைப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, நான் வேர்வையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒற்றை டிஸ்க் அதுவரைக்கும் தாங்குமா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"தொறந்து பாக்காத காப்பி காப்பியே இல்லண்ணே" என்றான் அந்தோணி. செல்வி அடுப்படிக்குப் போய்விட்டது. "நீங்களே பாருங்க. எனக்குத் தெம்பில்ல."

கண்ணில் பட்ட ஒரு வீடியோவை அமுக்கினேன். நீ! பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டே, சோப்பு நுரையில் மீசை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே பேசுகிறாய். "குட்டி, வைகை வெள்ளத்த ஒத்தக் கையால நிப்பாட்டுனவன்டி இந்த மாமன்! ஏரோப்பிளேனுக்கே காயில் கட்டுனவன்!"

அடுப்படியில் சத்தம். அழுகை என்று ஓடினேன். செல்வி கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது. ஏழு மாசத்தில் முதல் சிரிப்பு. "அப்பா... இன்னொக்கா" என்றது பாப்பா. பதினோரு தடவை ஓட்டினேன். இதில் ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன் மாப்ள. என் கதைகளை நம்பாமலா இம்புட்டு நாளும் தலையாட்டினாய்?

உன் படத்தைச் சுவருக்கு மாற்றியாயிற்று. ஒரு டிரைவ் செல்வியிடம். ஒரே வீட்டில் ரெண்டும் வேண்டாம் என்று அந்தோணி சொன்னதால் மற்றது என் பீரோவில். மாசம் ஒரு ஞாயிறு அதையும் எடுத்துக்கொண்டு திருநகர் போய், ரெண்டையும் திறந்து பார்ப்பேன். பாப்பா வளர்ந்து உன்னைப் பற்றிக் கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயே பேசு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன்னை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன்,
தவமணி