பன்னிரண்டாவது வாரம்

பெங்களூர்
12 ஜூன் 2005

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் நான் மூன்றே நிமிடத்தில் வைத்துவிடுகிறேன் என்று அத்தானிடம் குறைபட்டாயாமே. இதோ பேனா பிடித்துவிட்டேன். பிழை இருந்தால் ஜோசபின் டீச்சர் சிவப்பு மையில் திருத்தி அனுப்பலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் முடக்குவாதத்துக்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது. கடைக்கு வரவில்லை, ஆராய்ச்சியில் இருக்கிறது. இந்தியாவில் அதை எட்டு ஊர்களில் நடத்துவது எங்கள் கம்பெனி. அதில் புனேயும் ஒன்று. புனேயைக் கவனிப்பது யார்? உன் தங்கை!

வாரம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில். இருபத்து நான்கு வாரம். மூட்டை அரிக்கிற வீக்கத்தை வேரிலேயே அணைத்துவிடும் என்கிறார்கள். வெளிநாட்டில் கட்டிலோடு கிடந்தவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். ஒன்றே ஒன்றுதான், நீ மூன்று வருடமாக வாரம் ஒருநாள் சாப்பிடும் அந்த மஞ்சள் மாத்திரையை முதலில் நிறுத்த வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது.

ஸ்டேஷன் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிதான், உங்கள் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் இருபது நிமிடம். அங்கே இந்த ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற நீலா என்று ஒரு பெண் இருப்பாள். போய்ப் பார். எனக்காகப் போய்ப் பார்.

உன் செல்லத் தங்கை,
ஜான்சி

—

கட்கி, புனே
26 ஜூன் 2005

அன்புத் தங்கை ஜான்சிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தில் இரண்டு சந்திப்பிழை. மன்னித்துவிட்டேன். நீ எழுதியதே பெரிய காரியம்.

போய்ப் பார்த்தேன். நீலா நல்ல பிள்ளை. அவள் இந்தி, நான் என் கட்கி பஜார் இந்தி, எப்படியோ பேசிக்கொண்டோம். இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்தாள். இங்கிலீஷிலும் மராத்தியிலும் இந்தியிலும் இருக்கிறது, தமிழில் இல்லை. நான்கு பக்கம் அகராதியோடு மல்லுக்கட்டிவிட்டு மூடிவைத்தேன். தீபாவுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். நாசிக்கில் என் பிள்ளைக்கு நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சை நெருங்குகிறது.

உன் அத்தானுக்கு இதில் இஷ்டமில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல், "ஏளா, மாத்திரையில நல்லாத்தான இருக்க. காலைல ஒரு மணி நேரந்தான் கை மடங்க மாட்டேங்கு. பெறவு பள்ளிக்கூடம் போற, சோறு பொங்குற. சும்மா கெடக்கதப் போயி எதுக்குக் கெளறுத?" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தானே தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ழ' எழுதிக் காட்டும்போது சுழி கோணுகிறது. ஹெட்மாஸ்டர் மகாதேவன் சார் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போகிறார்.

நீ சொல்வதைத்தான் செய்யப்போகிறேன். படிவத்தில் என்ன இருக்கிறதென்று மட்டும் தமிழில் எழுதி அனுப்பு.

அக்கா ஜோசபின்

—

பெங்களூர்
6 ஜூலை 2005

அன்புள்ள அக்கா,

தீபாவைத் தொந்தரவு செய்யாதே, பிள்ளை படிக்கட்டும். படிவத்தை முழுக்கத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது தாள். கம்பெனி வழியாகத் தமிழ்ப் படிவம் வாங்க இரண்டு மாதமாகும், அதற்குள் இடம் நிறைந்துவிடும்.

மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு மருந்துதான் விழும், என் மனசு சொல்கிறது.

இதை வாசித்துவிட்டு இங்கிலீஷ் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடு. ஒரு சின்ன வேண்டுகோள். நான் உன் தங்கை என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. சொந்தக்காரர்களைச் சேர்த்தால் கம்பெனியில் கேள்வி கேட்பார்கள். நல்லது செய்யப்போய் நான் மாட்டிக்கொள்ள வேண்டாமே.

முத்தங்களுடன்,
ஜான்சி

—

கட்கி
25 செப்டம்பர் 2005

அன்புள்ள ஜான்சி,

மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம். ஊசி ஆறு போட்டாயிற்று. உனக்குச் சந்தோஷமான செய்தி எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

காலை ஒரு மணி நேரம் என்றிருந்தது இப்போது மத்தியானம் வரை போகிறது. குழாயைத் திருக முடியவில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறேன். போன வாரம் வகுப்பில் சாக்பீஸ் நாலு தடவை விழுந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் எழுதப் போனாலே முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கிறது, யார் முதலில் எடுப்பது என்று.

உன் அத்தான்தான் தலை வாரிவிடுகிறார். குண்டுக்கு மருந்து அடைக்கிற கை, சீப்பு பிடிக்கத் தெரியவில்லை. பின்னலை இறுக்கிவிட்டு, "வலிக்கா?" என்கிறார். இல்லை என்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேனாம்.

நீலா ஒவ்வொரு வாரமும் என் விரல்களை அமுக்கிப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். இந்த வாரம், "ஆண்ட்டி, பந்த் கர்னா ஹை க்யா?" என்று கேட்டாள். நிறுத்தணுமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

நிறுத்தலாமா, ஜான்சி? இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆனது.

அக்கா

—

பெங்களூர்
8 அக்டோபர் 2005

என் அன்பு அக்கா,

உன் எழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனாலும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இந்த மருந்து சிலருக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். பாதியில் விட்டால் மறுபடி சேர முடியாது. நீ பட்டதெல்லாம் வீணாகிவிடும். இருபத்து நான்கு வாரமும் முடித்தே ஆகவேண்டும்.

நீலா கேட்டால், 'தாங்க முடிகிறது, தொடர்கிறேன்' என்று மட்டும் சொல். அவள் சின்னப் பெண், எல்லாரிடமும் இப்படிக் கேட்டுக் குழப்பிவிடுகிறாள். புனேயில் பதினொரு பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர் போய்விட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் புனேயை மூடிவிடுவார்கள். ஜனவரியில் எனக்கு லண்டன் ஆபீஸ் கிடைக்கும் போலிருக்கிறது. அதற்கு முன் என் பொறுப்பில் இருந்த ஊர் மூடியது என்று பெயர் வரக்கூடாது.

அம்மா போனபோது எனக்குப் பதினான்கு வயது. நீதான் என்னைக் கட்கிக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தாய். இதுவரை நீ எனக்கு எதையும் மறுத்ததில்லை. இன்னும் கொஞ்சம்தான் அக்கா.

உன் ஜான்சி

—

கட்கி
27 டிசம்பர் 2005

ஜான்சி,

தீபா கிறிஸ்துமஸுக்கு வந்தாள். வாசலில் என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றாள். அவளுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "பேப்பர் எங்கம்மா? காட்டுங்க" என்றாள்.

இங்கிலீஷ் படிவத்தையும் உன் ஒன்பது தாளையும் தரையில் பரப்பி, இரண்டிலும் விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள். பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"அம்மா, சித்தி இத எழுதலியே."

"எத?"

"பன்னெண்டு வாரத்துல வலி கொறையலன்னா, நாம கேட்டா ஊசிய நிறுத்திட்டு உண்மையான மருந்தையே குடுப்பாங்களாம். அதோட, எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம வெலகிக்கலாமாம். வெலகினா பழைய மாத்திரையத் திருப்பிக் குடுப்பாங்களாம்."

உன் அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றைக்குப் பதினெட்டாம் வாரம் முடிந்திருந்தது. மறுநாள் தீபா என்னைக் கூட்டிப்போய் ஆராய்ச்சியிலிருந்து விலக்கினாள். புது எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜூலையில் எடுத்ததையும் இதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினார். வலது கையில் மூன்று விரல்களின் மூட்டு அரித்துப் போயிருக்கிறது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் வலி குறையுமாம். எலும்பு திரும்பி வராதாம். மகாதேவன் சார் என் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார். என்னை லைப்ரரியில் உட்காரச் சொன்னார். எழுதத் தேவையில்லாத வேலையாம்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். ஒன்பது தாள் எழுதினாய், கை வலித்திருக்கும். அந்த இரண்டு வரியை மறந்துவிட்டாயா? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நான் நம்புகிறேன். தீபாவையும் அவரையும் நம்ப வைக்கிறேன்.

ஜோசபின்

—

பெங்களூர்
9 ஜனவரி 2006

என் உயிர் அக்கா,

மறந்துவிட்டேன். மாதா மேல் ஆணையாக மறந்துவிட்டேன். இரவும் பகலும் வேலை, ஒரே மூச்சில் எழுதினேன், எப்படியோ அந்தப் பத்தி விடுபட்டுப்போனது. உன் விரல்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ நம்புவாய் என்று தெரியும். நீ நம்பாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இருபதாம் தேதி லண்டன் போகிறேன். விசா வந்துவிட்டது. அங்கே போய் உனக்கு நல்ல டாக்டர்களிடம் விசாரிக்கிறேன். விரல் மூட்டை மாற்றி வைக்கிற ஆபரேஷன்கூட இருக்கிறதாம்.

ஓர் உதவி மட்டும். நான் எழுதிய ஒன்பது தாளையும், ஜூலை, அக்டோபர் கடிதங்களையும் கிழித்துப் போட்டுவிடு. கிழித்தால் போதாது, அடுப்பில் போடு. தீபா சின்னப் பிள்ளை, ஏதாவது கோபத்தில் எங்காவது கொண்டுபோய்க் காட்டிவிடுவாள். நீலா கேட்டாலும், படிவத்தை நீயே வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொல். நீ டீச்சர், நம்புவார்கள்.

அத்தானிடம் நான் பேசினால் எடுப்பாரா? இரண்டு தடவை போன் செய்தேன்.

என்றும் உன்,
ஜான்சி

—

கட்கி
19 மார்ச் 2006

ஜான்சிக்கு ஜோசபின் சொல்ல தீபா எழுதுவது.

லண்டன் விலாசம் கேட்டு உன் பெங்களூர் ஆபீசுக்குப் போன் செய்தோம். நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய் என்றும் பயணம் நின்றுவிட்டது என்றும் சொன்னார்கள். ஏன் என்று உனக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன்.

உன் ஜனவரிக் கடிதத்தின் முதல் பத்தியை வாசித்ததும் நம்பினேன். நிஜமாகவே. தீபாவிடம், "பாத்தியாட்டி, மறந்துதான் போயிருக்கா" என்றேன். உன் அத்தான்கூட, "சரி, விடு" என்றார். அதன் பிறகு மூன்றாவது பத்தியை வாசித்தாள்.

மறந்து விட்டதை யாரும் எரிக்கச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் இந்த ஆராய்ச்சிகளைக் கவனிக்க ஒரு கமிட்டி இருக்கிறது. நீ எழுதிய நாலு கடிதத்தையும் ஒன்பது தாளையும் அங்கே கொடுத்தோம். தீபா அவர்களுக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்டினாள். அக்டோபர்க் கடிதத்தை வாசித்தபோது அங்கே உட்கார்ந்திருந்த நீலா எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "ஆண்ட்டி, மைனே பூச்சா தா நா?" என்று அழுதாள். நிறுத்தணுமா என்று அன்றைக்கே கேட்டாள்தான். நீ சொல்லச் சொன்னதை நான் சொன்னேன்.

நீ என் கூடப்பிறந்தவள் என்பதைச் சொன்னேன். தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

என் ஊசி எது என்ற கணக்கைத் திறந்து பார்த்தார்கள். வெறும் தண்ணீர். அது உன் குற்றமில்லை, கம்ப்யூட்டர் போட்ட சீட்டு. அதற்காக உன்மேல் எனக்கு எதுவுமில்லை.

ஆனால் என் ஃபைலில் யார் யார் எப்போது பார்த்தார்கள் என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் உன் கையெழுத்து இரண்டு இடத்தில். நவம்பர் பதினைந்து, டிசம்பர் ஆறு. அந்த இரண்டு நாளும் நீ புனேயில் இருந்திருக்கிறாய். என் வீக்கக் கணக்கு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, 'சரி' என்று எழுதியிருக்கிறாய். நவம்பரில் பன்னிரண்டு வாரம் தாண்டியிருந்தது. அப்போது மூட்டுகள் இவ்வளவு போயிருக்காது என்றார் டாக்டர். பார்த்துவிட்டு ரிக்‌ஷா பிடித்து ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாய். வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் என் கையைப் பார்த்திருக்க வேண்டும், அதனால் வரவில்லை. இதை வாசித்தபோது தீபா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிப் பார்த்தேன். நிற்கவில்லை. மை டப்பா கொண்டுவரச் சொல்லிக் கைநாட்டு வைத்தேன். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். உன் அத்தான் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்துக்கொண்டே, "விடு ஜோசி, விடு" என்றார்.

உன் வேலை போகும் என்றார்கள். இனி எந்த ஆராய்ச்சியிலும் உன்னைச் சேர்க்க வேண்டாம் என்று எல்லாருக்கும் எழுதப்போகிறார்களாம். 'சம்மதமா?' என்று என்னைக் கேட்டார்கள். சம்மதம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

கடைசியாக அந்தத் தலைவர், "உங்கள் தங்கையை இங்கே வரவழைக்கிறோம், உங்கள் முன்னால் பதில் சொல்லட்டும்" என்றார். வேண்டாம் என்றேன். தீபாவுக்குக் கோபம். ஏன் என்று இன்றுவரை கேட்கிறாள். அவளிடம் சொல்லாததை அவள் கையாலேயே உனக்கு எழுதச் சொல்கிறேன்.

நீ வந்து வாசலில் நின்றால், உன் முகத்தைப் பார்த்தால், 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிடுவேன். ஆகவே வராதே.

ஜோசபின்
(எழுதியது: தீபா)