பச்சை லைட்டரும் கண்ணாடி அறையும்

இன்று காலை பார் யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டபோது பையில் உன் பச்சை லைட்டர் தட்டுப்பட்டது. உன் அடக்கம் முடிந்த அன்று உன் மனைவி என் கையில் திணித்தது. தட்டிப் பார்த்தேன், எரிகிறது. நீ போன பிறகும் இது எரிகிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காதவன் நீ. ஆனால் லைட்டர் இல்லாமல் வேலைக்கு வரமாட்டாய். கஸ்டமர் சிகரெட்டை உதட்டில் வைப்பதற்குள் குனிந்து பற்றவைத்துவிடுவாய். "சப்ளையர்னா நெருப்பு கேக்க வுடக்கூடாது மாமு" என்று அதில் ஒரு பெருமை வேறு. தூக்கிக் குப்பையில் போடவேண்டிய பெருமை!

கல்மண்டபம் பகுதியில் நம் பாருக்குச் சட்டம் தெரியாமலா இருந்தது? புகைக்கத் தனி அறை வேண்டும், அதற்குள் எதையும் பரிமாறக் கூடாது. முதலாளியும் கண்ணாடி அறை கட்டினார். கட்டி, அதில் காலி பாட்டில் பெட்டிகளை அடுக்கினார். புகை முழுக்க ஏசி ஹாலில், நடுவே தட்டோடு நீ. சமையல்கட்டில் எனக்காவது ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது.

சோதனைக்கு ஆள் வருகிறது என்று போன் வந்தால் நீதான் முதலில் ஓடுவாய். சிகரெட் துண்டு மிதக்கும் பேப்பர் கப்புகளை அள்ளுவது, சென்ட் அடிப்பது, 'புகை பிடிக்காதீர்' பலகையைத் துடைத்து மாட்டுவது எல்லாம் உன் வேலை. ஒருமுறை அதிகாரி உன்னிடமே கேட்டார், "இங்க யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" நீ இருமலை அடக்கிக்கொண்டு, "யாரும் இல்ல சார்" என்றாய். சமையல்கட்டு வாசலில் நின்று நானும் தலையாட்டினேன்.

பிறகு இருமல் முற்றி ஆஸ்பத்திரி. "எத்தனை வருஷமா சிகரெட்?" என்று டாக்டர் கேட்டார். "புடிச்சதே இல்ல டாக்டர், மாதா மேல சத்தியம்" என்றாய். வேலையிலிருந்து நேரே வந்த உன் சட்டை நாறியது. அவர் நம்பவில்லை. உன் மனைவிகூட ஒரு கணம் உன்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். வெளியே வந்து நான் கத்தினேன். நீ சிரித்தாய். "இன்னா பண்றது மாமு, வெளிய போய் புடின்னா கஸ்டமரு வேற பாருக்குப் பூடுவான்." உன் மூச்சு போனாலும் கஸ்டமர் போகக் கூடாது! உன்னோடு மல்லுக்கட்டி என்னால் முடியவில்லையடா.

நேற்று மதியம் அதே அதிகாரி வந்தார். பலகை மாட்டியாகிவிட்டது, சென்ட் அடித்தாகிவிட்டது. உன் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவனும் இருமுகிறான். அவனும் "யாரும் இல்ல சார்" என்றான். எனக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்து, "டெய்லி புடிக்கிறாங்க சார். அந்த கண்ணாடி ரூம தொறந்து பாருங்க, காலி பாட்டிலுதான் கீது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள், இனி வேலைக்கு வராதே, யூனிஃபார்மைத் துவைத்துக் கொடுத்துவிடு என்றார் முதலாளி.

அதைத்தான் துவைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை அலசியும் நாற்றம் போகவில்லை. சட்டையைக் கொடுத்துவிடுவேன், லைட்டரைக் கொடுக்கமாட்டேன். இனி அது என் வீட்டு அடுப்பை மட்டும் பற்றவைக்கட்டும்.

அன்றைக்கே தலையாட்டாமல் இதைச் சொல்லியிருந்தால் நம் இருவருக்கும் வேலை போயிருக்கும். அவ்வளவுதானே மாமு, வேலைதானே போயிருக்கும்.